விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

சேலத்துப் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் அன்பிய (தெருவாரியான குடும்பக் குழு) ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நவம்பர் கூட்டத்தில் நீங்கள் கிறிஸ்துமஸ் வேலைகளைப் பிரித்துக்கொள்வீர்கள். வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் எந்தத் தேதி எந்தத் தெரு, இயேசு பிறந்த குடில் யார் பொறுப்பு, ஸ்டார் எத்தனை அடி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று நன்கொடை வைக்கலாமா. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்பீர்கள். போன வருஷம் முயன்றேன். 'இதர விஷயங்கள்' வந்தபோது எனக்கு நேரம் கொடுத்தார்கள். வாயைத் திறந்தேன், டீ வந்துவிட்டது.

நான் தையல்காரி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். இந்த இரண்டு வேலையும் ஒருத்தியிடம் இருந்தால் ஒரு தெருவின் டிசம்பர் மாதம் முழுக்கத் தெரிந்துவிடும். யார் வீட்டில் துணி எடுத்தார்கள் என்பது மெஷினுக்கு வரும். எந்தப் பணத்தில் எடுத்தார்கள் என்பது பேரேட்டுக்கு வரும்.

எந்தக் கோயிலின் பங்கு என்று நான் எழுதவில்லை. விஷயம் ஒரு கோயிலோடு நிற்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

முதலில் என் பாவசங்கீர்த்தனம். மூன்று வருஷம் கிறிஸ்துமஸ் நன்கொடைப் பட்டியலை மைக்கில் வாசித்தவள் நான். குரல் கணீரென்று இருக்கிறது என்று கொடுத்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறு, பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கி முடிந்ததும் அறிவிப்பு நேரம். இன்னார் குடும்பத்தார் 10,000 ரூபாய், இன்னார் குடும்பத்தார் 5,000 ரூபாய் என்று பெரிய தொகையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். கடைசிப் பெயர்களுக்கு வரும்போது முன்வரிசையில் பாதிப் பேர் கிளம்பத் தயாராகியிருப்பார்கள். பின்வரிசையில் இருக்கிறவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய பெயர்.

அப்படிக் கடைசியில் இருந்த ஒரு அக்கா. கணவர் இல்லை, வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை மாட்டும் வேலை. அந்த வருஷம் அவர் கொடுத்தது 300 ரூபாய். நான் 'முந்நூறு' என்று வாசித்தபோது அவர் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். மறுவருஷம் அதே பெயருக்கு நேரே 2,000. எனக்குச் சந்தோஷம். கையில் நாலு காசு புழங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழுக் கூட்டத்துக்காகக் கடன் பேரேட்டைத் திறந்தேன். அதற்கு முந்தைய வாரம் என் கையெழுத்திலேயே இருக்கிறது: அக்காவின் பெயர், 3,000 ரூபாய், காரணம் மருத்துவம்.

அந்தக் 'காரணம்' கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்டிகைச் செலவுக்குக் கடன் இல்லை என்பது எங்கள் குழுவில் எழுதாத விதி. அதனால் டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உடம்புக்கு முடியாமல் போய்விடும். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு ஸ்கேன், ஒருவருக்கு மாமியாரின் கண். 26-ஆம் தேதி காலையில் எல்லோரும் குணமாகிவிடுவார்கள். நானும் எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "என் பேரு வேண்டாம், மத்ததை எழுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசிக்காம இருந்திருந்தா அந்த முந்நூறை வருஷா வருஷம் சந்தோஷமா குடுத்திருப்பேன்" என்றார்.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் நம் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏழைகளுக்கு உதவுகிற புனித வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரீஸில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஓசானாம் அப்போது 20 வயதுக் கல்லூரி மாணவர். அந்தச் சபைக் கூட்டங்களில் இரகசிய வசூல் உண்டு. ஒரு பை சுற்றி வரும், மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பதுகூட அடுத்தவருக்குத் தெரியாது. கோயிலுக்குப் பக்கத்து அறையில் அந்தப் பை சுற்றும்போது கோயிலுக்குள் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரே ஞாயிறு, ஒரே பங்கு.

இவ்வளவுக்கும் நாம் யாருடைய பிறப்பைக் கொண்டாடுகிறோமோ அந்தக் குழந்தையை ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கப் போனபோது பெற்றோர் கொண்டுபோனது ஒரு ஜோடிப் புறா. ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்களுக்கு அன்றைக்கு இருந்த ஏற்பாடு அது. அதை யாரும் மைக்கில் வாசிக்கவில்லை என்று நம்புகிறேன்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: பெயரையும் தொகையையும் வாசிப்பதை இந்த வருஷத்தோடு விடுங்கள். மொத்த வரவு இவ்வளவு, செலவு இன்னதுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் கணக்கும் சுத்தம். பெயர் வாசிக்காவிட்டால் வசூல் குறையும் என்பீர்கள். குறையலாம். அப்போது ஸ்டார் நாலு அடி குறையட்டும்.

இனி கேரல். இதிலும் நான் வெளியாள் இல்லை, பத்து வருஷம் கூடப் போய்ப் பாடியவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி பத்தரை மணி இருக்கும். டிரம், கித்தார், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா எல்லோருமாக ஒரு வீட்டு வாசலுக்கு வந்தோம். நாங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அந்த வீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். கிட்டே போனபோது அணைந்திருந்தது. பாட ஆரம்பித்தோம். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை, "அம்மா, கேரல் வந்திருக்கு" என்றது. அப்புறம் வாயைப் பொத்துகிற சத்தம். எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. டிரம் அடிக்கிற தம்பி நிறுத்திவிட்டான். இன்னொரு பையன், பாவம் விவரம் இல்லாதவன், "உள்ளதான் இருக்காங்க" என்று கதவைத் தட்டப் போனான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரு பாட்டுக்கு மூன்று பாட்டாகப் பாடினோம்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும், "நேத்து சீக்கிரமே தூங்கிட்டோம்க்கா" என்றார். "அப்படியா" என்றேன். வேறென்ன சொல்வது?

கவருக்குள் 200 ரூபாயாவது வைக்க வேண்டும், வந்த இருபது பேருக்குக் கேக்கோ டீயோ கொடுக்க வேண்டும். இது எங்கும் எழுதி வைக்காத கணக்கு, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். மைக்ரோபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது: வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது. எங்கள் குழுக் கூட்டத்தில் இதை நான் படித்துக் காட்டியிருக்கிறேன். அவர்களுக்கு ஆறு மணி. நாம் பதினொரு மணிக்குக்கூட டிரம் அடித்துக்கொண்டு போய்க் கவர் வாங்கி வருகிறோம்.

என் அம்மா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவர். சேர்வராயன் மலையில் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். கிறிஸ்துமஸ் அதன் நட்டநடுவில் வந்து உட்காரும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, பறித்தால்தான் காசு. 24-ஆம் தேதி சாயந்திரம்வரை பறித்துவிட்டுப் பிசுபிசுக்கிற கையோடு வந்துதான் மாவு பிசைவார். ஆனால் எங்களுக்கு டிசம்பர் காசு வருகிற மாதம். கல்யாணமாகி மலை இறங்கிய பிறகுதான் டிசம்பர் என்றாலே பயப்படுகிற வீடுகளைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எங்கள் லைனில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கேரல் எப்படி என்றால், சாமியார் ஜீப்பில் ஒரு தடவை வருவார். லைன் வீடுகளுக்கு நடுவில் இருக்கிற களத்தில் எல்லோரும் கூடி நின்று பாடுவோம். யார் வாசலிலும் யாரும் நிற்கவில்லை. டீயும் ஒரே குண்டானில்தான். சர்க்கரை ஒரு வீடு, தூள் ஒரு வீடு, பால் ஒரு வீடு. அந்தக் காலத்து வறுமைக்குப் பட்டுக் கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். மலைக்குளிரில் மூன்று பேருக்கு ஒரு ஸ்வெட்டர் என்று இருந்தவர்கள் நாங்கள். கேரலில் மட்டும் அவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருந்தது.

இரண்டாவது வேண்டுகோள் அதுதான். தெருமுனையில் நின்று பாடுங்கள், வருகிறவர்கள் வரட்டும். கவர் வேண்டாம். கொடுக்க நினைக்கிறவர்களுக்குக் கோயிலில் உண்டியல் இருக்கிறது. இரண்டு வீடுகளுக்கு மட்டும் வாசல்வரை போங்கள்: படுத்த படுக்கையாக இருக்கிறவர் வீடு, அந்த வருஷம் சாவு விழுந்த வீடு. 'இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை' என்று சொல்லி ஸ்டார் கட்டாமல் இருக்கிற வீட்டைக் கேரல் குழு தாண்டிப் போய்விடுவதுதான் வழக்கம், மரியாதை என்று நினைத்து. ஆனால் தெரு முழுக்கப் பாட்டு கேட்டு, தன் வீட்டுக்கு முன்னால் மட்டும் அது நின்று, அப்புறம் தொடர்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று என் மாமனார் இறந்த வருஷம் தெரிந்துகொண்டேன். டிரம் வேண்டாம், நாலு பேர் போதும். பத்து நிமிஷம் உட்கார்ந்து, இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

பணக் கணக்கு உங்களில் பலருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், மறந்திருக்கலாம். நம் ஊரில் போனஸ் தீபாவளிக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு வராது. கலந்து வாழ்கிற தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை புதுத்துணி போடும்போது நம் பிள்ளைக்கும் ஒன்று எடுக்காமல் முடியாது, போனஸ் அங்கேயே கரைந்துவிடும். வெள்ளி விலை ஏறினால் கொலுசுப் பட்டறையில் உருப்படி குறையும், அது நம் பண்டிகையைப் பார்த்து ஏறுவதில்லை. டிசம்பர் கடைசியில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் சாப்பிடுகிற இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பத்து நாளுக்கு அரிசியும் எண்ணெயும் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதாமாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை அதற்கே போய்விடுகிறது. அப்புறம் புத்தாண்டு, அப்புறம் பொங்கல்.

இந்த இடத்தில்தான் தண்டல்காரர் வருகிறார். 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார், நாளுக்கு 100 வீதம் 100 நாள். பிடித்தம் 1,500-தானே என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருவதால் ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். குழுவில் வாங்கினால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12. டிசம்பர் 15-ஆம் தேதி தொடங்குகிற தண்டல் மார்ச் 24-ஆம் தேதி முடியும். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு வாங்கிய காசை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக் கஞ்சியில் அடைக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படியேதான் நடந்தது.

குடில் போட்டியைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். 1223-இல் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது அங்கே இருந்தவை தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. மோட்டார் அருவிக்குத் தனி மதிப்பெண் வைத்திருக்கிற நம் நடுவர்கள் அவருக்கு ஆறுதல் பரிசுதான் கொடுத்திருப்பார்கள்.

உடம்பையும் மனசையும் பற்றி. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் இரண்டு மணிக்கு வந்து, மூன்று மணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்து, பத்து மணிக்கு விருந்தாளிகளுக்குச் சிரிக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று திரும்பிப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மாத்திரை போடவும் மறந்திருப்பார்கள். திருவழிபாட்டிலேயே கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, இரவு, விடியல், பகல் என்று நான்கு திருப்பலிகள் உண்டு. 24 மாலையில் ஒன்று வைத்தால் வயசானவர்களும், கைக்குழந்தைக்காரர்களும், ராத்திரி ஆட்டோவுக்குக் காசு இல்லாத கோரிமேட்டு ஆட்களும் நிம்மதியாக வந்து போவார்கள். 'நள்ளிரவுப் பூசை பார்க்காதவன் கிறிஸ்தவனா' என்று கேட்கிற பெரியவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர்களின் பேத்திகளுக்குச் சுடிதார் தைத்துக் கொடுப்பது நான்தான். சொல்லப்போனால் இரண்டு கிறிஸ்துமஸுக்கு நானே நள்ளிரவுப் பூசைக்குப் போகவில்லை. 24 ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் பிளவுஸோடு வந்து நின்றார், கை இறுக்கமாக இருக்கிறதாம். இப்போது டிசம்பர் 15-க்குப் பிறகு துணி வாங்குவதில்லை. மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், கழுத்து வலியும் போய்விட்டது.

அந்த வாரத்தில் குடி கூடும். அடி வாங்குகிற பெண்கள் அதையும் பண்டிகைச் செலவில் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு பிரசங்கம் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் 181 மகளிர் உதவி எண் என்பதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கூடவே 14416 என்றும் எழுதுங்கள். டெலி மானஸ், 2022-இல் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தூக்கம் வராமல், சோறு இறங்காமல், 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது' என்று பேசுகிற ஒருவரிடம் 'செபம் பண்ணு' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். செபமும் பண்ணட்டும், யாராவது ஒருவர் கூடப் போய் ஓ.பி. சீட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்.

கேட்டுக்கொண்டே இருக்கிறாளே, தன் பங்குக்கு என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் இந்த ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து ஒரு தகர டப்பா வைத்திருக்கிறோம். வாரம் 50 ரூபாய், 36 வாரம், 1,800 ரூபாய். டிசம்பர் முதல் வாரம் பிரித்துக்கொள்வோம். நடுவில் இரண்டு பேர் விட்டுவிட்டார்கள், ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனார், நிஜமாகவே ஆஸ்பத்திரிக்கு. மீதிப் பதினோரு பேர் கட்டுகிறார்கள். அன்பியத்துக்கு ஒரு டப்பா என்று நீங்களும் வைக்கலாம். சேர்ப்பவர் ஒருத்தர், எண்ணுபவர் இன்னொருத்தர், சாவி மூன்றாவது ஆளிடம். பதினோரு பேர் பணத்தை ஒரே ஆள் பீரோவில் வைத்த கதை இந்த ஊரில் எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கிறது. கடன் பேரேட்டில் இந்த டிசம்பரிலிருந்து 'காரணம்' கட்டத்தில் 'கிறிஸ்துமஸ்' என்றே எழுதலாம் என்றும் தீர்மானம் போட்டிருக்கிறோம். அதிகபட்சம் 2,000. முதலில் கையைத் தூக்கியது அந்த அக்கா.

கேரல் குழு எங்கள் தெருவுக்கு எந்தத் தேதியில் வந்தாலும் சரி. முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், மெஷின் சத்தத்தில் பாட்டு கேட்காது, ஜன்னலைத் தட்டுங்கள். தங்கை மலையிலிருந்து காப்பித் தூள் அனுப்பியிருக்கிறாள், தெருமுனைக்கே குண்டானில் கொண்டுவருகிறேன். கவர் மட்டும் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பழைய பட்டியல் வாசிப்பாளர்,
சேலம்.